அறுபத்து மூன்று நாள் நிற்காமல் ஓடிய பெட்டி

பிரேமலா அந்தப் பெட்டியின் சுவிட்சை அடைத்து நிறுத்தியபோது காலை மணி எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. நான் கையில் செவ்வந்திப் பூவோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "வேணாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் சாமானுக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? ஆயுத பூசை என்றால் ஆயுதத்துக்கு ஓய்வு. எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் வெட்டுகிற உளியையே அன்றைக்குக் கழுவிச் சாமி முன்னால் படுக்கவைத்து விடுவார்கள்.

என் பெயர் சதாசிவம். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஜோகூர் ரெங்கத்தில் இந்தத் தாமானுக்கு, வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, வந்தவன். மனைவி போன பிறகு தனிக்கட்டை. எனக்கும் ஜெயபாலன் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ஆகவே அந்த வீட்டுச் சங்கதி எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஜெயபாலன் செனாயில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் பழுது பார்க்கிற டெக்னிஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் இரண்டு இடத்தில் அடி. ஆப்பரேஷன் பண்ணி இரும்பு வைத்தார்கள். அதிலிருந்து அரை மணி நேரம் உட்காருவான், பத்து நிமிடம் நிற்பான், மற்ற நேரம் ஹாலில் பாயில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை சவரம் பண்ணாமல் அப்படிக் கிடப்பதைப் பார்க்க எனக்கே எரிச்சலாக வரும். எரிச்சல் அவன்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியாத எரிச்சல்.

வீட்டைத் தூக்கிச் சுமந்தது பிரேமலாவின் குரல். சிங்கப்பூரில் நாலைந்து கிளினிக்குகளுக்கு வருகிற போனையெல்லாம் அவள் இங்கே ரெங்கத்தில் உட்கார்ந்து எடுப்பாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை, காதில் மாட்டிக்கொண்டு, தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும். டாக்டர் எப்போது வருவார், மருந்து தீர்ந்துவிட்டது, என் நம்பர் எத்தனை, ஏன் இவ்வளவு நேரம். கத்துகிறவர்களுக்கும் அவள் "சரிங்க, சரிங்க" என்றுதான் சொல்வாள். எல்லாம் இன்டர்நெட் லைன் வழியாக. லைன் போனால் அவளும் போனாள். வேலை கொடுத்தவர்கள் போட்ட கண்டிஷன் அப்படி: வீட்டுப் பக்கத்துக் கோளாறினால் வருஷத்தில் மூன்று தடவை லைன் இல்லாமல் போனால் வேலை இல்லை. கைப்பேசியில் பிடிக்கலாமென்றால் எங்கள் தாமானைச் சுற்றிச் செம்பனை மரம், ஒரு கோடுதான் காட்டும், அதுவும் மழைக்கு ஓடிப் போய்விடும்.

இந்த வருஷம் இரண்டு தடவை ஆகிவிட்டது. இரண்டும் இடியின் வேலை. எங்கள் பக்கத்து இடியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் டிவியைப் பிடுங்கு, பிரிட்ஜைப் பிடுங்கு என்று தாமானே ஓடும். சுவரில் கம்பெனிக்காரன் மாட்டிய பெட்டி தப்பித்துக்கொள்ளும். அதிலிருந்து லைனை வாங்கி வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிற ரௌட்டர்தான் கருகும். இரண்டாவதும் கருகியபோது, புதுசு வர இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் ஜெயபாலன் பாயிலிருந்து எழுந்தான். தமிழ்ப்பள்ளிக்கூடத்தில் தூக்கிப் போட வைத்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை என் காடியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னான். இருபத்தைந்து வயதாவது இருக்கும் அதற்கு. வெள்ளையாக இருந்தது தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே பல்லி முட்டை.

"என்னா ஜெயா இது, பழைய இரும்பு லோரிக்காரன்கூட வேணாம்பான்."

"அண்ணே, கடையில விக்கிற ரௌட்டருக்குள்ளயும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான் இருக்கு. இது கொஞ்சம் குண்டு, அவ்ளோதான் லா."

"சாஃப்ட்வேர் எவ்ளோ?"

"சும்மா. எழுதுன ஆளுங்க எப்படி எழுதுனாங்கன்றதையும் சேத்தே குடுத்துட்டாங்க. தொறந்து பாத்து நமக்கு வேண்டிய மாதிரி மாத்திக்கலாம். ஒரே ஒரு ஃப்ளாப்பி டிஸ்க்குல மொத்தமும் அடங்கிடும்."

"சும்மா குடுத்து அவனுக்கு என்னா லாபம்?"

"தெரில அண்ணே. அவனும் என்ன மாதிரி முதுகு வலியோட வீட்ல கெடப்பான் போல."

இரண்டு வருஷத்தில் அவன் செய்த முதல் கிண்டல் அதுதான். பெட்டியைத் தையல் மிஷினுக்கு அடியில் வைத்தான். பழைய காடி பேட்டரி ஒன்றோடு அதை இணைத்து, கரண்ட் போனாலும் நிற்காதபடி பண்ணினான். இடிக்கு என்னென்னவோ தடுப்பு வைத்தான். டிவி மாதிரித் திரை எதுவும் வேண்டியதில்லை, கீபோர்டும் வேண்டியதில்லை. ஒரு தடவை எழுப்பிவிட்டால் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டு ஓடும். பிறகு தினமும் ஏதாவது மாற்றுவான். மகள் படம் பார்த்தாலும் அவன் வீடியோ பார்த்தாலும் பிரேமலாவின் குரலுக்குத்தான் முதல் வழி என்று அதில் எழுதிவைத்தான். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரை முதலில் உட்காரவைக்கிற மாதிரி என்று எனக்கு விளக்கினான். மற்றவர்களுக்கெல்லாம் மிச்சம் மீதி. அதிலும் அவனுடைய கைப்பேசி கடைசிப் பந்தி.

லைன் உடையவே இல்லை. அவன் சவரம் பண்ண ஆரம்பித்தான். காலையில் வேலியோரம் வந்து நின்று, "பசியாறியாச்சா அண்ணே? இன்னியோட பதினேழு நாளு நிக்காம ஓடுது" என்பான். பிறகு இருபத்தாறு. பிறகு நாற்பது. பிள்ளை நடக்க ஆரம்பித்ததைச் சொல்கிற அப்பன்கூட அவ்வளவு சொல்லமாட்டான்.

இப்போது நான் மறைத்துவைத்த சங்கதிக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நாளே கம்பெனியின் புது ரௌட்டர் வந்துவிட்டது. அன்றைக்கு ஜெயபாலன் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குப் போயிருந்தான். பிரேமலா கையெழுத்துப் போட்டு வாங்கியதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள்.

"அண்ணே, இது வந்தது அவருக்குத் தெரிய வேணாம்."

"ஏம்மா, புதுசு நல்லதுதானே?"

"நல்லதுதான். இத மாட்டுனா அவரு மறுபடி பாயில போய்ப் படுத்துருவாரு. நேத்து ராத்திரி ரெண்டு தடவ சோறு கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு அண்ணே."

அலமாரியில் கூறைப் புடவைக்கு அடியில் அதை வைத்துவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பழைய பெட்டியைக் குப்பை, கொசுக்கூடு என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அதைக் காப்பாற்றியவள் அவள்தான்.

ஆயுத பூசைக்கு ஜோகூரில் லீவு கிடையாது. மகள் பள்ளிக்குப் போய்விட்டாள். பிரேமலா விடியற்காலையில் எழுந்து சுண்டல் வேகவைத்து, பொரியும் வாழைப்பழமும் எடுத்துவைத்து, வீட்டிலுள்ள ஆயுதங்களையெல்லாம் சாமி மேசைக்கு முன்னால் வரிசை பிடித்தாள். கத்தி, ஜெயபாலனின் ஸ்பேனர் பெட்டி, மகளின் புத்தகம், அவள் காதில் மாட்டுகிற ஹெட்செட். ஜெயபாலன் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்கு வேலை. அதற்குள் பூசை முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அவள் தையல் மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"இதுதான் அண்ணே நமக்குச் சோறு போடுது. இத விட்டுட்டா எப்படி?"

"வையும்மா."

"ஓடிக்கிட்டு இருக்கே. அர மணி நேரம் ரெஸ்ட் குடுப்போம். சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா."

சுவிட்சை அடைத்தாள். உறுமல் நின்றது. அது நின்ற பிறகுதான் இத்தனை நாளாக அது ஹாலில் இருந்தது எனக்குத் தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்து, சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் மூன்று பொட்டு, மேலே ஒன்று. குங்குமம். என் பூவை நானே வைத்தேன். சந்தனம் தண்ணீராக இருந்தது. ஒரு பொட்டு வழிந்து, டிஸ்க் போடுகிற வாய்க்குள் இறங்கியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஜெயபாலன் துண்டோடு வந்து ஹால் வாசலில் நின்றான். அவனும் முதலில் காதால்தான் கண்டுபிடித்தான்.

"சத்தத்தக் காணோம்?"

"பூசைக்கு அடைச்சேங்க. இதோ ஆயிடுச்சி, கற்பூரம் காட்டிட்டுப் பசாங் பண்ணித் திரும்ப ஓட விட்டுடலாம்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அறுபத்து மூணு நாளு" என்றான். அவ்வளவுதான்.

கற்பூரம் அவசர அவசரமாக எரிந்தது. சுவிட்சைத் தட்டினால் பெட்டி இரண்டு தடவை கீச்சென்றது, அப்புறம் பேச்சில்லை. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, நிறுத்தி எழுப்பினால் அது ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லிக் காத்துக்கொண்டு நிற்கும், கீபோர்டும் டிவியும் மாட்டினால்தான் நகரும் என்றான் ஜெயபாலன். இரண்டும் பின்பக்க ஸ்டோரில் இருந்தன. நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். அறுபத்தாறு வயதில் அந்தப் பழைய குண்டு டிவியைத் தூக்கிய எனக்கும் அன்றைக்கு முதுகு போயிருக்கும், சரஸ்வதி காப்பாற்றினாள்.

பொத்தானை அமுக்கியாயிற்று. டிஸ்க் கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை என்று வெள்ளை எழுத்தில் வந்தது. ஜெயபாலன் டிஸ்கை வெளியே இழுத்தான். ஓரமெல்லாம் மஞ்சள். முகர்ந்து பார்த்தான்.

"சந்தனம்" என்றான்.

பிரேமலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் விரல்களிலும் அதே மஞ்சள்.

"வேற டிஸ்க் இல்லையாங்க?"

"இருக்கு. ஆனா மொத நாளு போட்டதுதான் அதுல இருக்கும். அப்புறம் மாத்துனதெல்லாம் பெட்டியோட ஞாபகத்துலதான் இருந்துச்சி. நிறுத்துனா போயிடும்."

"டிஸ்க்ல எழுதி வைக்கல?"

டிஸ்கின் மூலையில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. பூட்டிவைத்தால் உள்ளே இருப்பது அழியாது, புதிதாக எழுதவும் முடியாது. எங்கள் ஊர் ஈரத்தில் பழைய டிஸ்கெல்லாம் பூசணம் பிடித்துவிடும். எழுதப் போய் இருப்பதும் ரொசாக் ஆகிக் கெட்டுப்போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து அவன் அதை பூட்டியே வைத்திருந்தான். நாளைக்கு, நாளைக்கு என்று அறுபத்து மூன்று நாளை ஓட்டிவிட்டான். மாற்றியதையெல்லாம் மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் மட்டும் பென்சிலால் எழுதிவைத்திருந்தான். நான்கு பக்கம்.

"தப்பு என்னுது" என்றான். "நான் எழுதி வச்சிருக்கணும்."

"நான் அடைச்சதுதானே."

"நீ பொட்டுதானே வச்ச."

பெட்டியின் வாய்க்குள் பஞ்சைவிட்டுத் துடைத்து, இரண்டாவது டிஸ்கைப் போட்டு எழுப்பியபோது மணி எட்டு முப்பத்தைந்து. ஜெயபாலன் மணைக்கட்டையில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். ஒரு வரி தட்டுவான், இடுப்பைப் பிடிப்பான், மூச்சு விடுவான், அடுத்த வரி. பென்சில் எழுத்து சில இடத்தில் கலைந்திருந்தது. நான் நோட்டைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அதில் ஓர் எழுத்தும் புரியவில்லை. முதல் பக்கத்தில் பாதி முடியவில்லை, பிரேமலாவின் கைப்பேசி அடித்தது. சிங்கப்பூரில் அவளுடைய சூப்பர்வைசர் ஷாமளா. நல்ல பெண்தான், ஆனால் கடிகாரம் பார்த்துப் பேசுகிற பெண்.

"பிரேமலா, உங்க லைன் சிஸ்டத்துல காட்டல. ஓகேயா? ஒன்பதுக்கு இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஏற்கெனவே ரெண்டு இருக்கு."

"வந்துடுவேன் ஷாமளா. ஒன்பதுக்கு முன்னாடி வந்துடுவேன்."

போனை வைத்துவிட்டு அவள் அலமாரி இருக்கிற படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். பிறகு புருஷனுடைய முதுகைப் பார்த்தாள். அவசரமாக மாட்டிய சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது, ஆப்பரேஷன் தழும்பு வெளியே தெரிந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு சதாசிவம், வேலை பெரிதா அவன் மானம் பெரிதா என்று எனக்குள்ளே ஒரு சத்தம். ஆனால் அந்தத் தட்டுகிற விரல்களைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவளாலும் முடியவில்லை. சந்தனக் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து அந்த இடமே மஞ்சளாகிவிட்டது.

எட்டு நாற்பத்தாறு. இரண்டாம் பக்கம் தொடங்கவில்லை. ஜெயபாலன் தட்டுவதை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"பிரேமா."

"என்னாங்க?"

"அலமாரியில, உன் கூறப் பொடவைக்குக் கீழ ஒண்ணு இருக்குல்ல. அத எடுத்துட்டு வா."

நான் நோட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"லைன் என் பேர்ல இருக்கு. குடுத்தாச்சி, பிரேமலா கையெழுத்துப் போட்டாங்கன்னு அன்னிக்கே எனக்கு மெசேஜ் வந்துடுச்சி. போ, நேரமாவுது."

அவள் போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. உடனே வரவில்லை. வரும்போது கண்ணைத் துடைத்திருந்தாள், மூக்கருகே ஒரு சந்தனக் கீற்று. அவன் பிரித்தான். அழகான சின்னப் பெட்டி, என் உள்ளங்கை அகலம். இரண்டு வயரைப் பிடுங்கி இதில் சொருகினான். நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த பாஸ்வேர்டைக் கைப்பேசியில் தட்டினான். ஏழே நிமிடம். பச்சை விளக்கு. எட்டு ஐம்பத்தாறுக்கு ஷாமளாவின் மெசேஜ் வந்தது: தெரியுது, தேங்க்ஸ்.

பிரேமலா ஹெட்செட்டைப் பொட்டோடு தலையில் மாட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். ஒன்பது மணிக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "வணக்கம், கிளினிக், என்ன உதவி வேணும்?" ஒன்றுமே நடக்காத குரல்.

ஜெயபாலன் பாயில் படுத்துவிட்டான். தையல் மிஷினுக்கு அடியில் பழைய பெட்டி பூவும் பொட்டுமாகச் செத்துக் கிடந்தது.

"தெரிஞ்சும் ஏன்டா கேக்கல?"

"கேட்டா அத மாட்டணும் அண்ணே." மேலே பார்த்துக்கொண்டே சொன்னான். "அவளும் பேசல, நானும் பேசல. அவ எனக்காக ஒளிச்சி வச்சான்னு தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்கிட்டு நாள எண்ணிக்கிட்டு இருந்தேன். வெக்கமா இருந்துச்சி. ஆனா நல்லாவும் இருந்துச்சி லா."

அந்த ஹாலில் அவனைச் சுவரோடு விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பதினொன்றரைக்கு அவனை மெதுவாக நடத்தி என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். சாம்பாரும் கத்திரிக்காய்ப் பொரியலும் வைத்தேன். கொஞ்சம்தான் சாப்பிட்டான். என் சாய்வு நாற்காலியில் முதுகுக்குத் தலையணை கொடுத்தேன், தூங்கிவிட்டான். மூன்று மணிக்கு வானம் கறுத்தது. இடி இடித்தது, மழை கொட்டியது, தாமானே டிவியைப் பிடுங்க ஓடியது. அவன் எழுந்திருக்கவே இல்லை. மகளுக்கு அன்றைக்கு மாலை வகுப்பு, ஆறு வரை வரவில்லை.

ஆறு மணிக்குப் போனோம். பிரேமலா இன்னும் அறையைவிட்டு வரவில்லை. ஜெயபாலன் வாசலில் நின்றபடி தையல் மிஷினுக்கு அடியில் பார்த்தான்.

"பழைய இரும்பு லோரி எப்ப வரும் அண்ணே?"

"சனிக்கெழம."

"இதையும் ஏத்தி விட்ருவோம். எடத்த அடைச்சிக்கிட்டு."

கதவு திறந்தது. பிரேமலா வெளியே வந்தாள். தலையில் ஹெட்செட் அழுத்திய தடம், தொண்டை கம்மியிருந்தது. நேரே போய் பால் ஊற்றாத தே ஓ மூன்று கலக்கிக்கொண்டு வந்தாள், காலைச் சுண்டலோடு. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தப் புதுசு சரியில்லீங்க. மத்தியானம் ரெண்டு தடவ என் கொரலு ஒடைஞ்சிடுச்சி. ஒரு பாட்டி, 'என்னாம்மா, கெணத்துக்குள்ளேந்து பேசுறியா'ன்னு கேக்குது. அந்தப் பெட்டி இருந்தப்ப ஒரு நாளும் இப்படி ஆகல."

ஜெயபாலன் என்னைப் பார்த்தான். நான் சுண்டலைப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு முன்னாலிருந்து அவனும் அவன் கைப்பேசியும் என் வீட்டில். மகள் பள்ளியில். அந்த வீட்டில் லைனைத் தொட அவளைத் தவிர ஆளே இல்லை. பந்தியில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். குரல் எப்படி உடையும்? எனக்கே தெரிகிறது, டெக்னிஷனுக்குத் தெரியாதா?

"அப்படியா?" என்றான் அவன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு தடவையா?" என்றான்.

"ரெண்டு தடவ. அந்த ரெண்டாவது ரொம்ப மோசம்."

"சரி. பாத்துடலாம்."

மணைக்கட்டையை இழுத்துப் போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். காது குடைகிற பஞ்சுக் குச்சி கேட்டான், நான் எடுத்துக் கொடுத்தேன். பெட்டியின் வாய்க்குள் காய்ந்திருந்த சந்தனத்தைத் துளித் துளியாகச் சுரண்டி எடுத்தான். மேலே இருந்த பொட்டைத் தொடவில்லை.

"பழச எழுப்பி நாலு பக்கமும் தட்டி முடிக்க ரெண்டு மூணு நாளாவும்" என்றான். "அதுவரைக்கும் புதுசு ஓடட்டும். அப்புறம் அது ஸ்பேர்."

"உங்க இஷ்டம்" என்றாள் பிரேமலா. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் பூசைக்கு நீ அத அடைக்க வேணாம். ஓடும்போதே பொட்டு வையி."

"சாமி குத்தமாயிடும்."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒன்பது மணி நேரம் பேசியவள், டம்ளரைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். நான் டம்ளரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தேன். ஜெயபாலன் ஒரு டிஸ்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பூசணம் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு மூலையிலிருந்த அந்தச் சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் தள்ளித் திறந்துவைத்துவிட்டு, என்னிடம் நோட்டைப் பிடிக்கச் சொன்னான்.